குதிகால் தரையில் படணும்



போன வருஷம் ஆடி மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். சேமிப்பு, சந்தா எல்லாம் எழுதி முடித்தாயிற்று. உள்கடன் யாருக்கு வேணும் என்று ஊக்குநர் கேட்டதும் ஒரு அக்கா எழுந்து நின்றார். "பதினஞ்சாயிரம் வேணும். பையன் கால் வைத்தியத்துக்கு" என்றார்.

அவர் பையனுக்கு அப்போது ஐந்து வயது. ஆட்டிசம் என்று மாவட்ட மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். பேச்சு இரண்டு மூன்று வார்த்தைதான். நடப்பது முழுக்க நுனிக்காலில். குதிகால் தரையில் படவே படாது. டவுனில் ஒருவர், பாதத்தில் இருக்கிற புள்ளிகளை அழுத்தி, எண்ணெய் போட்டு, வீட்டுக்கு ஒரு பாயும் கொடுப்பாராம். ஆறு மாதத்தில் நடையும் சரியாகும், பேச்சும் வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். குழுவில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "பிள்ளைக்குத்தானே கேட்கிறாங்க, குடுங்க" என்று சொன்னேன். தீர்மானம் எழுதியாயிற்று.

ஆறு மாதம் போச்சு. பேச்சு வரவில்லை, நடையும் மாறவில்லை. தவணை மட்டும் மாசா மாசம் கட்டிக்கொண்டிருந்தார். படித்துவிட்டு வந்தவள் நான், ஒரு வார்த்தை விசாரிக்காமல் தலையாட்டியிருக்கிறேன். அந்த உறுத்தலோடுதான் அந்த அக்காவைக் கூட்டிக்கொண்டு மாவட்ட அரசு மருத்துவமனையில் இருக்கிற ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்குப் போனேன். அங்கே பிசியோதெரபிஸ்ட் மேடம் காசு எதுவும் கேட்கவில்லை. "வீட்டுல பழைய துண்டு இருக்கா? செவுரு இருக்கா? போதும்" என்றார். அங்கே பார்த்ததையும், அதற்குப் பிறகு நான்கைந்து வீடுகளில் கூட இருந்து கற்றுக்கொண்டதையும்தான் இந்த இதழில் எழுதுகிறேன்.

ஆட்டிசத்துக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் இருக்கிற ஒரு வித்தியாசம். பிறவியிலேயே வருவது. அம்மா செய்த எதனாலும் வருவதில்லை, சாபமும் இல்லை, தெய்வக் குத்தமும் இல்லை. அரசு படிவத்தில் 'புற உலக சிந்தனையற்றோர்' என்று போட்டிருக்கும். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. இந்தப் பிள்ளைகளுக்குப் புற உலகம் தெரியாமல் இல்லை. பல சமயம் நம்மைவிட அதிகமாகவே தெரிகிறது, அதுதான் அவர்களுக்குச் சிரமம். மிக்ஸி சத்தம் நமக்குச் சத்தம். அவர்களில் சிலருக்கு அது காதைக் கிழிக்கிற மாதிரி.

காலுக்கும் அதே கதைதான். உள்ளங்காலில் தொடு உணர்ச்சி அதிகம். மண், ஈரம், சாணம் மெழுகிய தரை, சிமென்ட் எல்லாம் அங்கேதான் முதலில் தெரியும். சில பிள்ளைகளுக்கு அந்த உணர்ச்சியைத் தாங்க முடியாமல், தரையில் படுகிற இடத்தைக் குறைத்துக்கொள்ள நுனிக்காலில் நிற்கலாம். வேறு சில பிள்ளைகளுக்கு நேர் எதிர். உடம்பு எங்கே இருக்கு, எப்படி நிற்குது என்ற உணர்ச்சி போதவில்லை. நுனிக்காலில் அழுத்தி நின்றால் கெண்டைக்கால் சதை இறுகும், அந்த இறுக்கம் அவர்களுக்குப் பிடித்திருக்கும். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு உடம்பு கொஞ்சம் தொளதொளப்பாகவும், ஒற்றைக் காலில் நிற்கவோ, குதிக்கவோ, பந்து உதைக்கவோ தாமதமாகவும் இருப்பதைப் பார்க்கலாம். ஆட்டிசம் உள்ள எல்லாப் பிள்ளைகளும் நுனிக்காலில் நடப்பதில்லை. நுனிக்காலில் நடக்கிற எல்லோருக்கும் ஆட்டிசமும் இல்லை. நடை பழகும் வயதில் சாதாரணப் பிள்ளைகளும் கொஞ்ச நாள் அப்படி நடப்பார்கள். மூன்று வயதுக்குப் பிறகும் தொடர்ந்தால் காட்ட வேண்டும்.

விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். கெண்டைக்கால் சதையையும் குதிகால் எலும்பையும் சேர்ப்பது ஒரு தடித்த நாண். கயிறு மாதிரி, பின்னங்காலில் கை வைத்தால் தெரியும். வருஷக் கணக்கில் நுனிக்காலிலேயே நடந்தால் சதையும் நாணும் குறுகிப் போகும். அதற்கப்புறம் பிள்ளையே விரும்பினாலும் குதிகாலை இறக்க முடியாது. குந்தி உட்கார்ந்தால் பின்னால் சாய்ந்து விழும். நம் ஊர் கக்கூஸில் உட்காரவே முடியாது. பெண் பிள்ளை என்றால் அம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய கவலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் டாக்டர், பிறகுதான் பயிற்சி

இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். நுனிக்கால் நடைக்கு வேறு காரணங்களும் உண்டு. ஒரு பக்கம் கால் மட்டும் நுனியில் நடந்தால், கால் விறைப்பாக இருந்தால், மூளை முடக்குவாதமாக இருக்கலாம். முதலில் பாதம் பதித்து நன்றாக நடந்த பிள்ளை திடீரென்று நுனிக்காலுக்கு மாறினால் உடனே காட்ட வேண்டும். ஆண் பிள்ளை கீழே இருந்து எழும்போது தன் தொடையிலேயே கை ஊன்றி ஊன்றி ஏறி எழுகிறானா, கெண்டைக்கால் சதை மட்டும் தடித்துக்கொண்டே வருகிறதா, அடிக்கடி விழுகிறானா என்று பாருங்கள். அது தசைச் சிதைவு நோயின் அடையாளமாக இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு நான் கீழே சொல்கிற பயிற்சியை இஷ்டத்துக்குச் செய்ய வைக்கக் கூடாது, தசைக்குக் கெடுதல்.

வீட்டில் நீங்களே ஒன்று பார்க்கலாம். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை நேராக வைத்து, பாதத்தை மெதுவாக மேல் பக்கம் மடக்குங்கள். காலும் பாதமும் சேர்ந்து 'ட' எழுத்து மாதிரி நிற்கிறதா? அதையும் தாண்டிக் கொஞ்சம் மடங்கினால் சதை இன்னும் இளக்கமாகத்தான் இருக்கிறது, நல்லது. 'ட' வரைக்கும்கூட வரவில்லை என்றால் குறுக ஆரம்பித்துவிட்டது. வீட்டுப் பயிற்சி மட்டும் போதாது. சில வாரம் மாவுக்கட்டு போட்டு மாற்றி மாற்றி இழுத்து வருவார்கள், அல்லது காலுக்கு ஒரு ஸ்பிளிண்ட் கொடுப்பார்கள். மாவுக்கட்டு என்றதும் எலும்பு முறிந்த மாதிரி பயப்பட வேண்டாம்.

வீட்டில் செய்வது

முதலில் பிள்ளையின் பாதத்தோடு பழக வேண்டும். குளிப்பாட்டும்போது செய்வது சுலபம். தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ எது இருக்கோ அது. விரல் நுனியால் மெதுவாகத் தடவாதீர்கள். லேசான தொடுதல்தான் இந்தப் பிள்ளைகளில் பலருக்குக் கூசும். உள்ளங்கையை முழுதாக வைத்து, சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி, திடமாக, மெதுவாக அழுத்துங்கள். குதிகாலில் ஆரம்பித்து விரல் வரைக்கும். காலை இழுத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம்.

பிறகு தரை. ஒரு தட்டில் மணல், இன்னொன்றில் நெல், ஒரு கோணிச் சாக்கு, ஈரத் துணி, புல் தரை. எது பிடிக்கிறதோ அதிலிருந்து ஆரம்பியுங்கள். மணலைக் கண்டாலே அலறுகிற பிள்ளையைத் தூக்கி மணலில் நிறுத்துவது கொடுமை. அதற்கு முதலில் கையால் மணலைத் தொடட்டும், அப்புறம் உட்கார்ந்தபடி பாதம் படட்டும், அப்புறம் நிற்கலாம். ஒரு வீட்டில் இதற்கே இரண்டு மாதம் ஆனது. கோடையில் வெறுங்காலோடு வெளியே விடும்போது தரைச் சூட்டைப் பாருங்கள். சூடு பட்டாலும் சொல்லத் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இழுப்புப் பயிற்சி. இதுதான் முக்கியமானது. பிள்ளை மல்லாந்து படுத்திருக்கட்டும். குதிகாலை உங்கள் உள்ளங்கையில் குவளை மாதிரி பிடியுங்கள். உங்கள் முன்கை பிள்ளையின் உள்ளங்காலோடு ஒட்டியிருக்கட்டும். இன்னொரு கை முழங்கால் மடங்காமல் லேசாகப் பிடித்துக்கொள்ளட்டும். இப்போது குதிகாலைக் கீழ்ப் பக்கம் இழுத்தபடி முன்கையால் பாதத்தை மேலே சாய்க்க வேண்டும். விரல்களை மட்டும் பிடித்து வளைத்தால் பாதத்தின் நடுப்பகுதிதான் வளையும், சதை இழுபடாது. பலர் செய்கிற தவறு இது, நானும் செய்தேன். இருபதில் இருந்து முப்பது வரை எண்ணுங்கள், விடுங்கள். காலுக்கு மூன்று நான்கு தடவை, காலையும் சாயங்காலமும். வெந்நீர்க் குளியலுக்குப் பிறகு செய்தால் சதை இளகியிருக்கும். குலுக்கி குலுக்கி இழுக்கக் கூடாது. வலித்தால் நிறுத்திவிட வேண்டும். ஒரு தடவையாவது பிசியோதெரபிஸ்ட் முன்னால் நீங்கள் செய்து காட்டி, சரியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றதெல்லாம் விளையாட்டுத்தான். குந்தி உட்கார்ந்து விளையாட வையுங்கள். முதலில் குதிகாலுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்தால் விழாமல் உட்காருவான். வாரம் ஒருமுறை ஒரு மடிப்பைக் குறையுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலிலேயே நடக்கச் சொல்லலாம், விரல்கள் மேலே தூக்கியிருக்கும். கரடி நடை நடக்கலாம், கையும் பாதமும் தரையில், இடுப்பு மேலே. ஏரிக்கரை மேட்டில் ஏறி நடந்தாலே கெண்டைக்கால் தானாக இழுபடும். தரையில் கர்சீஃபை விரித்து, கால் விரலாலேயே சுருட்டி இழுக்கச் சொல்லுங்கள். புளியங்கொட்டை, கோலிக்குண்டு பொறுக்குகிற விளையாட்டும் நல்லதுதான். ஆனால் வாயில் போடுகிற பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். சமநிலைக்கு ஏணியைத் தரையில் படுக்க வைத்து, சட்டங்களைத் தாண்டித் தாண்டி நடக்கவிடலாம். கோலமாவில் நீளமாகக் கோடு போட்டு அதன் மேல் நடக்கவிடலாம். அது வந்த பிறகு வரப்பு. டிரவுசர் போடும்போது உட்கார வைத்துப் போடாமல், உங்கள் தோளைப் பிடித்து ஒவ்வொரு காலாகத் தூக்கச் சொன்னால் அதுவே ஒற்றைக்கால் பயிற்சி.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு அம்மா தானாகக் கண்டுபிடித்தது. கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலில் இருந்து பூஜை அறை வரைக்கும் அரிசி மாவில் பாதம் போடுவோம் இல்லையா? அன்றைக்கு அவர் பெண் அந்தப் பாதங்கள் மேலேயே கால் வைத்து நடந்திருக்கிறாள். அம்மா கவனித்துவிட்டு, மறுநாளில் இருந்து தினமும் பத்துப் பாதம் போட ஆரம்பித்தார். பிறகு பிள்ளையின் காலை நனைத்து சிமென்ட் தரையில் நடக்க விட்டார். ஈரத் தடத்தில் குதிகால் விழுந்திருக்கா இல்லையா என்று அவளே குனிந்து பார்ப்பாள். "காலை ஊனு, காலை ஊனு" என்று நாள் பூரா கத்துவதைவிட இந்த ஈரத் தடம் அதிகம் சொல்லிக்கொடுத்தது.

எப்படிச் சொல்லிக்கொடுப்பது

சாதாரணப் பிள்ளைக்குச் சொல்வது போல வாயால் சொல்லிக்கொண்டே இருந்தால் வேலைக்கு ஆகாது. செய்து காட்டுங்கள். ஒரு நேரம், ஒரு இடம், ஒரே பாய். இன்றைக்குத் திண்ணை, நாளைக்குக் கூடம் என்று மாற்றினால் சில பிள்ளைகளுக்கு அது புது விஷயமாகிவிடும், முதலில் இருந்து அழுகை. எப்போது முடியும் என்று தெரியாததுதான் அவர்களுக்குப் பெரிய பயம். அதற்கு ஒரு வழி. ஐந்து கூழாங்கல்லை வரிசையாக வைத்துவிடுங்கள். ஒரு தடவை செய்தால் ஒரு கல்லை டப்பாவில் போடு. கல் தீர்ந்தால் வேலை தீர்ந்தது. தீர்ந்த பிறகு, நன்றாகத்தானே செய்கிறான் என்று இன்னும் இரண்டு கல் வைக்காதீர்கள். அப்புறம் உங்களை நம்ப மாட்டான்.

ஐந்து நிமிஷம், ஆறு நிமிஷம் போதும், ஆனால் தினமும். அழுகிற நாளில், காய்ச்சல் நாளில் விட்டுவிடலாம். அடித்துச் செய்ய வைக்கக் கூடாது. ஒரு வீட்டில் பாட்டி, குதிகால் இறங்கட்டும் என்று கனமான கொலுசு வாங்கி மாட்டியிருந்தார். நல்ல எண்ணம்தான். கால் புண்ணானதுதான் மிச்சம்.

எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது

கடன் கேட்கிற, கடன் கொடுக்கிற நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது. கால் பயிற்சி காலுக்கு நல்லது. சதை குறுகாமல் காக்கும், சமநிலையைக் கூட்டும், குந்தி உட்கார, படியேற, மற்ற பிள்ளைகளோடு ஓட உதவும். ஆட்டிசத்தை அது போக்காது. பாதத்தில் எந்த இடத்தை அழுத்தினாலும் பேச்சு வராது. பேச்சுக்குத் தனியாகப் பேச்சுப் பயிற்சி இருக்கிறது. 'இத்தனை மாதத்தில் குணமாக்குகிறேன்' என்று யார் சொன்னாலும், பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் குழுவில் பேசுங்கள். குழுவும் என்னைப் போல அவசரமாகத் தலையாட்டாமல் இரண்டு கேள்வி கேட்கட்டும். அரசு மருத்துவமனையில் காட்டியாச்சா? அங்கே என்ன சொன்னாங்க? இப்படிக் கேட்டால் அந்தத் தாய் மனசு நோகுமே என்று நினைக்காதீர்கள். மூன்று வருஷம் தவணை கட்டுகிற வலி அதைவிடப் பெரிசு.

பலனும் உடனே வராது. நாள் கணக்கில் எண்ணாமல் மாதக் கணக்கில் பாருங்கள். நல்லா நடக்கிற பிள்ளையும் திருவிழாக் கூட்டத்தில், பதட்டத்தில், ரொம்ப சந்தோஷத்தில் மறுபடி நுனிக்காலுக்குப் போய்விடும். அது தோல்வி இல்லை. சில பிள்ளைகளுக்கு நுனிக்கால் நடை கொஞ்சம் இருந்துகொண்டேதான் இருக்கும். பாதம் மடங்குகிறதா, வலி இல்லாமல் இருக்கிறதா, குந்த முடிகிறதா என்பதைப் பார்த்தால் போதும். பார்க்கிறவர்களுக்கு நடை அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பிள்ளையை வதைக்க வேண்டாம்.

காசில்லாமல் எங்கே போவது

அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு தடவையும், அரசுப் பள்ளிக்கு ஒரு தடவையும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு வரும். 2013-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டம். அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் ஒளித்து வைக்காமல் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அவர்கள் எழுதிக் கொடுத்தால் மாவட்ட மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரியிலோ இருக்கிற இடையீட்டு மையத்தில் பார்ப்பார்கள். பள்ளி வயதுப் பிள்ளை என்றால் ஒன்றியத்தில் இருக்கிற வட்டார வள மையம் உண்டு. அங்கே சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பிசியோதெரபி நாள் எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்கிற ஏற்பாடும் உண்டு.

1995-ம் வருஷத்துச் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பேரே கிடையாது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். அதனால் சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் வாங்க முடியும். அட்டை இருந்தால் தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் அதில் உண்டு, பயிற்சிச் செலவும் சேர்த்து. விண்ணப்பம் கணினியில் போட வேண்டியது, கூட்டமைப்பு அலுவலகத்தில் உதவி செய்கிறோம்.

அந்த அக்காவுக்கு இன்னும் நாலு தவணை பாக்கி. பையனுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. போன மாதம் பாதத்தை மடக்கிப் பார்த்தபோது 'ட'வைத் தாண்டிக் கொஞ்சம் வந்தது. வீட்டுக்குள் பாதி நேரம் குதிகால் பதித்து நடக்கிறான், வெளியே வந்தால் பழையபடிதான். டவுனில் வாங்கின பாயை மடித்துப் பரணில் போட்டிருக்கிறார். "எரிக்கலாம்னு பார்த்தேன் மேடம், பதினஞ்சாயிரம் ரூபா பாய், மனசு வரல" என்றார்.

அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இழுப்புப் பயிற்சியைச் செய்து காட்டப் போகிறேன். வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ இப்படிப் பிள்ளை இருந்தால் குழுப் பிரதிநிதியிடம் பெயர் கொடுங்கள், பிள்ளையையும் கூட்டி வரலாம். கூட்டம் கூடுகிற கூடத்தில் சத்தம் இருக்கும். அதனால் பின்பக்கம் ஒரு அறையை ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். வரும்போது ஒரு பழைய துண்டு கொண்டு வாருங்கள்.